எங்கட தெரு குழு (கனடா, ஒன்ராறியோ, அஜக்ஸ்): வீட்டு ரக்ஸ் காசு எந்தக் கதவிலை நிக்குது?

கஜன் 31ம் வீடு, காலை 9:12
வணக்கம் எல்லாருக்கும். 2024 செப்ரெம்பரிலை சாவி எடுத்த ஆக்களிலை ஆருக்காவது அந்த முதல் வீட்டுக் காசு 1,500 டொலர் வந்ததோ? ஏப்ரலிலை ரக்ஸ் போட்டது, யூனும் முடியப் போகுது. செக்கைக் காணேல்லை.

தர்சினி, 9:15
எங்களுக்கும் வரேல்லை. அது தனியா வருமாம் எண்டு ஆரோ சொன்னவை.

சுகந்தி அக்கா, 9:21
தனியா வராது பிள்ளை. முழுப் பிரச்சினையும் அதிலைதான் துவங்குது. 1,500 எண்டு ஒரு செக் ஆருக்கும் அடிக்கிறேல்லை. ரக்ஸ் றிற்றேணிலை, அதுதான் வருமான வரிப் படிவத்திலை, லைன் 31270 எண்டு ஒண்டு இருக்கு. அதிலை 10,000 எண்டு போட்டால் 2024 கணக்குக்கு அதின்ரை 15 வீதம், 1,500, நீங்கள் கட்ட வேண்டிய பெடரல் வரியிலை குறையும். குறையிறது மட்டும்தான். கையிலை தாற காசு இல்லை.
கஜன், கணக்கைப் பாத்து முடிச்சு அனுப்பிற அசெஸ்மென்ற் நோட்டீஸ் வந்திட்டுதோ?

கஜன் 31ம் வீடு, 9:24
மே முதல் கிழமை வந்தது அக்கா. றிபண்ட் 640 பாங்குக்கு வந்தது. 31270இலை 10,000 எண்டுதான் கிடக்கு.

சுகந்தி அக்கா, 9:26
அப்ப வீட்டுக் கிறெடிற் அந்த 640க்குள்ளை வந்திட்டுது. இன்னும் பாத்துக்கொண்டிருக்க ஒண்டும் இல்லை. ஆனால் லைன் 42000ஐ, கடைசியாக் கட்ட வேண்டிய பெடரல் வரி, ஒருக்கால் பாருங்கோ. என்ன இருக்கு?

கஜன் 31ம் வீடு, 9:29
0 எண்டு இருக்கு.

சுகந்தி அக்கா, 9:37
ம்ம். அப்ப பாதி வீணாப் போயிருக்கலாம்.
சும்மா ஒரு கணக்குக்கு எடுப்பம். இந்தக் கிறெடிற்றுக்கு முன்னம் உங்கட பெடரல் வரி 900 டொலர் எண்டு வையுங்கோ. 900ஐ இல்லாமல் ஆக்க 6,000 போட்டாலே காணும், 6,000இன்ரை 15 வீதம் 900. மிச்ச 4,000 சும்மா நிக்குது. அது திரும்பியும் வராது, அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோகவும் ஏலாது. உங்கட மனுசிக்கு வேலை இருந்து, அவ வரி கட்டியிருந்தால் அந்த 4,000ஐ அவவின்ரை றிற்றேணிலை போடலாம். 600 டொலர் மிச்சம். வீடு ஒராளின்ரை பேரிலை இருந்தாலும் புருசன் பெண்சாதி பிரிக்கலாம். ரெண்டு பேருக்கும் சேத்து 10,000ஐத் தாண்டக் கூடாது, அவ்வளவுதான்.

கஜன் 31ம் வீடு, 9:38
நோட்டீஸைப் படம் எடுத்து இதிலை போடட்டோ?

சுகந்தி அக்கா, 9:38
ஐயோ வேண்டாம். சின் நம்பர், உங்கட அரசாங்க அடையாள நம்பர், கிடக்கும். எனக்குத் தனியா அனுப்புங்கோ, நம்பரை மறைச்சுப் போட்டு.

ரவி அண்ணை, 9:44
மாத்தேக்கை ஒழுங்கு முக்கியம் கஜன். முதல் உங்கட 10,000ஐ 6,000 ஆக்குங்கோ. அந்தப் புது நோட்டீஸ் வந்த பிறகு மனுசியின்ரையிலை 4,000 போடுங்கோ. மாறிச் செய்தால் ஒரு வீட்டுக்கு 14,000 எண்டு நிக்கும், அதைக் கண்டால் விளக்கம் கேட்டுக் கடிதம் போடுவினம். சிஆர்ஏ, அதுதான் கனடா வரித் திணைக்களம், அதின்ரை இணையக் கணக்கு மை எக்கவுண்டிலை "சேஞ்ச் மை றிற்றேண்" எண்டு இருக்கு, அதாலை போட்டால் கிட்டத்தட்ட 2 கிழமை. பேப்பரிலை ரி1 அட்ஜஸ்ற்மென்ற் படிவம் அனுப்பினால் 8 கிழமை எண்டு வையுங்கோ.
சிலபேர் பயத்திலை அதே வருசத்துக்கு ரெண்டாம் தரம் முழு றிற்றேணும் போடுகினம். அது ரெண்டையும் சேத்து மறிச்சுப் போடும். மாத்தம்தான் போட வேணும்.

தர்சினி, 9:50
எங்கட கதை வேறை அண்ணை. எங்களுக்கு நோட்டீஸே வரேல்லை. ஏப்ரல் 20 அளவிலை நெற்ஃபைலிலை, ஒன்லைனிலை, போட்டது. மை எக்கவுண்டிலை இன்னும் பாத்துக்கொண்டிருக்கினம் எண்டு காட்டுது.

சுகந்தி அக்கா, 9:53
நெற்ஃபைல் எண்டால் 2 கிழமை, பேப்பர் எண்டால் 8 கிழமை, அதுதான் வழமை. 9 கிழமை எண்டால் உங்களிட்டை ஏதோ கேட்டிருக்கலாம். மை எக்கவுண்டுக்குள்ளை "மெயில்" எண்டதை அமத்திப் பாருங்கோ. வீட்டுத் தபால் பெட்டியைப் பாக்க வேண்டாம். ஒன்லைன் கடிதத்துக்கு ஓம் எண்டு ஒருக்கால் சம்மதிச்சிருந்தால் பேப்பரிலை கடிதம் வராது. ஈமெயிலிலை ஒரு அறிவித்தல் மட்டும்தான் வரும், அதுவும் கனபேருக்கு ஸ்பாமுக்குள்ளை கிடக்கும்.

தர்சினி, 10:02
கடவுளே. மே 14 திகதி போட்டு ஒரு கடிதம் கிடக்கு. வீடு வாங்கினதுக்கு ஆதாரம் 30 நாளுக்குள்ளை அனுப்பச் சொல்லி. 30 நாள் முடிஞ்சுது!!

சுகந்தி அக்கா, 10:05
பயப்பிடாதேங்கோ. இது கள்ளக் கணக்கு எண்டு பிடிச்ச கடிதம் இல்லை, காசு தர முன்னம் சரி பாக்கிற கடிதம். தவணை முடிஞ்சாலும் அனுப்பலாம். இண்டைக்கே அனுப்பினால் நல்லம். அவையள் கிறெடிற்றை வெட்டிப்போட்டு நோட்டீஸ் அனுப்பினாலும் அதுக்குப் பிறகும் ஆதாரம் குடுத்துத் திருப்பி எடுக்கலாம். ஒண்டும் அனுப்பாமல் விட்டால்தான் போகும்.

ரவி அண்ணை, 10:14
லோயர் அனுப்பின குளோசிங் (வீடு கை மாறினது) பிடிஎஃப் நூறு பக்கத்துக்குக் கிட்ட இருக்கும். அதை அப்பிடியே ஏத்தாதேங்கோ. பாக்கிற ஆள் தேடிக் களைச்சுப் போவார். தேவையான துண்டுகளை மட்டும் எடுங்கோ:

காணிப் பதிவிலை ஏறின ட்ரான்ஸ்ஃபர். உங்கட ரெண்டு பேரின்ரை பேரும் பதிஞ்ச திகதியும் தெரிய வேணும். உதுதான் தலையான ஆதாரம், ஏன் எண்டால் சட்டம் கேக்கிறது வீடு உங்கட பேரிலை பதிஞ்சிருக்கோ எண்டு. சைன் வைச்ச ஒப்பந்தம் மட்டும் காணாது.
ஸ்ரேற்மென்ற் ஒவ் அட்ஜஸ்ற்மென்ற்ஸ், குளோசிங்கிலை விலையும் கழிவும் காட்டுற கணக்கு.
வாங்கின ஒப்பந்தத்தின்ரை முதல் பக்கமும் கையெழுத்துப் பக்கமும்.
குடியிருக்கிறதுக்கு: ஹைட்ரோ (கரண்ட்) பில், வீட்டு இன்சூரன்ஸ், புது விலாசம் போட்ட லைசன்ஸ்.

இன்சூரன்ஸ் பத்திரத்திலை வாடகை வீடு எண்டு கிடக்குதோ எண்டு பாத்திட்டு அனுப்புங்கோ. சொந்தக்காரர் குடியிருக்கிறார் எண்டு இருக்க வேணும். லைசன்ஸ் விலாசத்தை ஒன்ராறியோவிலை 6 நாளுக்குள்ளை மாத்த வேணும் எண்டுதான் சட்டம். மாத்தாத ஆக்கள்தான் கனபேர், இந்த இடத்திலை வந்துதான் இடறுப்படுறது.

சுகந்தி அக்கா, 10:17
கடிதத்திலை மேலை ஒரு றெபரன்ஸ் நம்பர் இருக்கும். "சப்மிற் டொக்கியுமென்ற்ஸ்" இலை அந்த நம்பரைப் போட்டு ஏத்துங்கோ. நம்பர் இல்லாமல் ஏத்தினது எந்த மேசைக்குப் போகும் எண்டு ஆருக்கும் தெரியாது. போனிலை சரிச்சுப் பிடிச்ச படம் வேண்டாம், ஸ்கான் பண்ணுங்கோ. ஏத்தி முடிய வாற உறுதி நம்பரையும் படம் எடுத்து வையுங்கோ.

பரமேஸ் மாமா, 10:31
பிள்ளை, ஊரிலை வீடு இருந்தால் இந்தக் காசு கிடையாதாம் எண்டு கோயிலடியிலை ஒராள் சொன்னவர். எங்கட மருமோளுக்கு மானிப்பாயிலை சீதன வீடு எழுதிக் குடுத்தது. அதிலை இப்ப வேறை ஆக்கள் வாடகைக்கு இருக்கினம்.

ரவி அண்ணை, 10:42
மாமா, ரெண்டு காசைப் போட்டுக் குழப்பிறார் அவர். ரெண்டுக்கும் கேள்வி வேறை.
ரக்ஸிலை போடுற 31270க்குக் கேள்வி: வீடு வாங்கின வருசமும் அதுக்கு முந்தின 4 வருசமும், உங்களுக்கோ உங்கட துணைக்கோ சொந்தமான வேறை வீட்டிலை நீங்கள் குடியிருந்தனீங்களோ? மருமோள் கனடாவுக்கு வந்து 10 வருசம், மானிப்பாய் வீட்டிலை வேறை ஆக்கள் இருக்கினம் எண்டால் பிரச்சினை இல்லை.
ஆனால் காணி மாத்திற வரி, லாண்ட் ட்ரான்ஸ்ஃபர் ரக்ஸ், அதிலை முதல் வீட்டுக்காரருக்கு ஒன்ராறியோ 4,000 டொலர் வரைக்கும் திருப்பிக் குடுக்குது. அங்கை கேள்வி: உலகத்திலை எங்கையாவது எப்பவாவது வீடு சொந்தமா இருந்ததோ? குடியிருந்தது இல்லை, சொந்தமா இருந்ததோ. சீதன உறுதி மருமோளின்ரை பேரிலை எண்டால் அவவுக்கு இல்லை. கலியாணம் கட்டி இருக்கேக்கை அந்த வீடு அவவின்ரை பேரிலை இருந்திருந்தால் மகனுக்கும் இல்லை.

பரமேஸ் மாமா, 10:44
அட. மகன் அந்த 4,000ஐ எடுத்துப் போட்டார் எண்டல்லோ நினைக்கிறன்.

ரவி அண்ணை, 10:47
அப்ப லோயரிட்டைச் சொல்லி ஒன்ராறியோ நிதி அமைச்சுக்கு அறிவிச்சுத் திருப்பிக் கட்டுறது நல்லம். அவையள் கேட்டு வந்தால் வட்டியும் சேரும்.
அந்த 4,000க்கு ரக்ஸ் றிற்றேணைப் பாத்துக்கொண்டிருக்கிற ஆக்களும் இருக்கினம். அது சிஆர்ஏயின்ரை காசே இல்லை. பதியேக்கையே லோயர் கழிச்சிருப்பார். கழிக்காமல் விட்டிருந்தால் பதிஞ்ச நாளிலை இருந்து 18 மாசத்துக்குள்ளை கேக்கலாம். ரொறன்ரோ எல்லைக்குள்ளை வாங்கின ஆக்களுக்கு நகரசபையும் 4,475 வரைக்கும் குடுக்கும். அஜக்ஸிலை எங்களுக்கு அது இல்லை, ஏன் எண்டால் எங்களிட்டை அந்த நகர வரியை எடுக்கேல்லை.

நிசாந்தன் 8, 11:05
நான் 8ம் வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டன். பில்டர் குளோசிங்கிலை எச்எஸ்ரி, அதுதான் விற்பனை வரி, றிபேற் எண்டு 24,000 மேலதிகமா வாங்கினவர். அதைத் திருப்பிக் கேட்டு ஜிஎஸ்ரி 190 படிவம் போட்டு 4 மாசம். ஒரு சத்தமும் இல்லை.

சுகந்தி அக்கா, 11:09
படிவம் பிழை தம்பி. 190 தாங்களே குடியிருக்கிற ஆக்களுக்கு. பில்டருக்கு அதை எழுதிக் குடுத்த ஆக்களுக்கு விலையிலையே கழிஞ்சிருக்கும், ஸ்ரேற்மென்ற் ஒவ் அட்ஜஸ்ற்மென்ற்ஸிலை தெரியும். அவையள் திரும்பக் கேக்கக் கூடாது. வாடகைக்கு விட்ட ஆக்களுக்கு ஜிஎஸ்ரி 524, அதோடை ஒன்ராறியோ பங்குக்கு ஆர்சி 7524. குளோசிங்கிலை இருந்து 2 வருசத்துக்குள்ளை போட வேணும். இப்ப 190ஐ வாபஸ் எடுக்கிறன் எண்டு எழுதிப்போட்டு 524ஐப் போடுங்கோ. 190 நிராகரிச்சு வருமட்டும் பாத்துக்கொண்டிருந்தால் 2 வருசக் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.
லீஸ் எத்தினை மாசத்துக்கு எழுதினது?

நிசாந்தன் 8, 11:10
12 மாசம்.

சுகந்தி அக்கா, 11:12
நல்ல காலம். 6 மாச லீஸ் எண்டால் அதைக் காட்டியே மறுக்க அவையளுக்கு இடம் கிடைக்கும். ஒரு வருசமாவது வசிக்கிறதுக்கு எண்டு லீஸ் பேச வேணும். லீஸ், முழு ஒப்பந்தம், அதுக்குப் பிறகு வந்த திருத்தங்கள், ஸ்ரேற்மென்ற் நாலையும் கேக்க முன்னமே சேத்து அனுப்புங்கோ. மற்றது, நீங்கள் அந்த வீட்டிலை குடியிருக்கேல்லை எண்டால் 31270ஐயும் போடக் கூடாது. வாங்கி ஒரு வருசத்துக்குள்ளை சொந்தக் குடியிருப்பா எடுக்கிற எண்ணம் இருக்க வேணும். போட்டிருந்தால் நீங்களாவே மாத்துங்கோ.

நிசாந்தன் 8, 11:13
🙈 போட்டிட்டன். மாத்திறன்.

கஜன் 31ம் வீடு, 11:20
அக்கா இன்னொண்டு. என்ரை மச்சானுக்கு நோட்டீஸிலை றிபண்ட் 1,900 எண்டு இருக்கு, ஆனால் பாங்கிலை காசு இல்லை. அவர் ஊபர் ஓடுறவர்.

சுகந்தி அக்கா, 11:28
ஊபர் எண்டால் முதல் கேள்வி எச்எஸ்ரி றிற்றேண் எல்லாம் போட்டவரோ? ஊபர் ஓடுற ஆக்கள் முதல் டொலரிலை இருந்தே எச்எஸ்ரிக்குப் பதிய வேணும். போடாத காலாண்டு ஒண்டு கிடந்தால் றிபண்டை மறிச்சு வைக்கலாம். அடுத்தது பழைய கடன். கொரோனா நேரம் குடுத்த சேர்ப் காசு திருப்பிக் கட்ட இருந்தால், மாணவர் கடன் இருந்தால், அதுக்குக் கழிப்பினம். நோட்டீஸின்ரை விளக்கப் பகுதியிலை இருக்கும், ஒருத்தரும் வாசிக்கிறேல்லை.
அதுவும் இல்லாட்டி, புது வீட்டுக்கு வந்தாப் பிறகு சிஆர்ஏயிலை விலாசம் மாத்தினவரோ எண்டு கேளுங்கோ. காசு நேரா பாங்குக்குப் போற டிரெக்ற் டிப்பொசிற் இல்லாட்டி செக் பழைய பேஸ்மென்ற் வீட்டுக்குத்தான் போயிருக்கும். அரசாங்கச் செக் காலாவதி ஆகாது, மை எக்கவுண்டிலை மாத்தாத செக் இருக்கோ எண்டு பாக்கலாம்.

ரவி அண்ணை, 11:33
"அண்டைக்கே காசு" எண்டு போட் வைச்ச கடையிலை செய்தவரோ? அப்பிடி எண்டால் றிபண்ட் கடைக்காரருக்குத்தான் போகும், அவர் முன்னமே குடுத்திருப்பார். முதல் 300 டொலருக்கு 15 வீதம், மிச்சத்துக்கு 5 வீதம், அதுக்கு மேலை எடுக்க ஏலாது. 1,900க்கு 45 உம் 80 உம், 125 டொலர். 1,775 கையிலை வந்திருக்க வேணும். ஆர்சி 71 எண்டு ஒரு படிவம் சைன் வைச்சிருப்பார்.

கஜன் 31ம் வீடு, 11:36
ஓம்!! கடையிலைதான் செய்தவர். பெப்ரவரியிலை ஏதோ காசு வாங்கினவர்.

சுகந்தி அக்கா, 11:36
😂

தர்சினி, 11:50
அக்கா எல்லாம் எடுத்திட்டன். எல்லாம் அனுப்பியும் அசையாட்டி என்ன செய்யிறது?

சுகந்தி அக்கா, 11:58
ஆவணம் ஏத்தின நாளைக் குறிச்சு வையுங்கோ. அதுக்குப் பிறகு அசைவு இல்லை எண்டால் அழைக்கேக்கை சின் நம்பர், பிறந்த திகதி, போன வருச நோட்டீஸ் கையிலை இருக்க வேணும், அதிலை ஒரு லைன் கேட்டு நீங்கள்தானோ எண்டு சரி பாப்பினம். அழைச்ச நாள், கதைச்ச ஆளின்ரை ஏஜன்ற் நம்பர் எழுதுங்கோ. அதுக்கும் அசையாட்டி ஆர்சி 193 எண்டு சேவை முறைப்பாட்டுப் படிவம். கடைசியா எம்பியின்ரை தொகுதி அலுவலகம், ஒரு சம்மதக் கடிதத்திலை சைன் வைச்சால் அவை கேட்டுத் தருவினம், காசு கேக்கமாட்டினம். மே 31க்குப் பிறகு பிந்துற றிபண்டுக்கு வட்டியும் சேரும். அந்த வட்டி அடுத்த வருசம் வருமானமாக் காட்ட வேணும், மறக்காதேங்கோ.

தர்சினி, 12:06
ஹைட்ரோ பில் அவரின்ரை பேரிலை மட்டும்தான் இருக்கு. எனக்கு இன்ரர்நெற் பில் இருக்கு. சரி வருமோ?

ரவி அண்ணை, 12:08
வரும். லைசன்ஸை ரெண்டு பக்கமும் ஸ்கான் பண்ணுங்கோ.