இருங்காட்டுக்கோட்டை டிராக் டேவுக்கு ஒரு பழைய ஸ்விஃப்ட்: முதல்ல எதுல கை வைக்கிறது?

ஒற்றியூர்_ஸ்விஃப்ட் (கேள்வி):

வணக்கம். வண்டி 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல், 1.2 கே-சீரிஸ், 78,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. 165/80 ஆர்14 டயர், ஸ்டீல் ரிம். பிரேக், சஸ்பென்ஷன் எல்லாம் கம்பெனியில வந்தது அப்படியே இருக்கு. தினமும் திருவொற்றியூர் – மாதவரம் ஓடுற வண்டி. மணலி ரோட்டுல கன்டெய்னர் லாரி போட்ட பள்ளத்தையும் தாங்கணும், வருஷத்துக்கு மூணு நாலு டிராக் டேவும் (ரேஸ் டிராக்ல சொந்த வண்டியை ஓட்டுற நாள்) போகணும்.

பட்ஜெட் 60,000. மனசுல இருக்கிற வரிசை: லோயரிங் ஸ்பிரிங் (வண்டியைத் தாழ்த்த), கூம்பு ஏர் ஃபில்டர், ஈசியூ ரீமேப் (இன்ஜின் கம்ப்யூட்டர் செட்டிங்கை மாத்துறது), 4 பாயிண்ட் ஹார்னஸ் (ரேஸ் சீட் பெல்ட்). மிச்சம் இருந்தா பிரேக். சரியா?

---

மூலக்கடை_ஸ்பானர்:

வரிசையைத் தலைகீழாப் போடுங்க, பாதி சரியாயிடும். மீதிப் பாதி தேவையே இல்லை.

அந்த இன்ஜின் 85 குதிரைத்திறன் சொச்சம், வண்டி ஒரு டன்னுக்குக் கொஞ்சம் கம்மி. டர்போ இல்லாத இன்ஜின்ல ரீமேப் பண்ணா கிடைக்கிறது காலுக்குத் தெரியிற அளவுக்குக்கூட இருக்காது. கூம்பு ஃபில்டர் அதைவிட மோசம். ஸ்டாக் (கம்பெனியில வந்த) ஃபில்டர் பாக்ஸ் முன்பக்கத்துல இருந்து வெளிக்காத்தை இழுக்குது. கூம்பு ஃபில்டர் இன்ஜின் மேல கொதிக்கிற காத்தை இழுக்கும். சத்தம் ஏறும், பவர் இறங்கும்.

முதல் வேலை பிரேக் ஆயில். அதுல டாட்னு கிரேடு இருக்கு: டாட் 3 புதுசா இருக்கும்போது கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி, டாட் 4 230, டாட் 5.1 260. ஈரம் ஏறிட்டா இதே வரிசையில 140, 155, 180. பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கிட்டே இருக்கும். கடலோரத்துல நிக்கிற வண்டியில ரெண்டு வருஷமா மாத்தாத ஆயில்னா அது பாதி தண்ணி மாதிரிதான். டிராக்ல மூணாவது ரவுண்டுல கொதிச்சுக் குமிழி வரும், பெடல் தரைக்குப் போயிடும்.

மோட்டுல் ஆர்பிஎஃப் 600 மாதிரி ரேஸ் ஆயில் (புதுசுல 312 டிகிரி) ஒரு லிட்டர் வாங்கினா முழுசா மாத்திட்டு மிச்சமும் இருக்கும். ஆனா அது ஈரத்தைச் சீக்கிரம் குடிக்கும். ஒவ்வொரு டிராக் டேவுக்கு முன்னாடியும் கொஞ்சம் ப்ளீட் பண்ணணும் (சக்கரத்துப் பக்கம் பழைய ஆயிலையும் காத்தையும் வெளியேத்துறது), வருஷத்துக்கு ஒரு தடவை முழுசா மாத்தணும். திறந்து வச்ச டப்பாவை அடுத்த வருஷத்துக்குப் பத்திரப்படுத்தாதீங்க. கடையில டாட் 5ன்னு கொடுத்தா வாங்காதீங்க. அது சிலிக்கான், மத்ததோட சேராது. 5.1 வேற, 5 வேற.

மாத்துற முறை: ரிசர்வாயர்ல இருக்கிற கறுப்பு ஆயிலை சிரிஞ்ச்ல உறிஞ்சி எடுத்துட்டுப் புதுசு ஊத்துங்க. மாஸ்டர் சிலிண்டர்ல (பெடல் மிதிச்சா ஆயிலைத் தள்ளுறது) இருந்து தூரமான சக்கரத்துல ஆரம்பிங்க: இடது பின், வலது பின், இடது முன், வலது முன். உங்க வண்டி மேனுவல் வேற வரிசை சொன்னா அதுதான் சரி. சக்கரத்துப் பக்கம் ஆயிலை வெளிய விடுற நிப்பிள்ல உள்ள தெரியிற டியூப் மாட்டி, மறுமுனை பாட்டில்ல இருக்கிற ஆயிலுக்குள்ள முங்கியிருக்கணும். ஒருத்தர் மிதிச்சுப் பிடிக்கணும், நீங்க நிப்பிளைக் கால்வாசிச் சுத்து திறந்து மூடணும், மூடின பிறகுதான் அவர் காலை எடுக்கணும். ரிசர்வாயர் மினிமம் கோட்டுக்குக் கீழ ஒரு தடவை போனாலும் மறுபடி முதல்ல இருந்து.

ஒரு விஷயம் நிறைய பேர் கோட்டை விடுறது: பழைய வண்டியில பெடலைத் தரை வரைக்கும் மிதிக்கக் கூடாது. தினசரி ஓட்டத்துல பிஸ்டன் போகாத இடத்துல துரு, அழுக்கு இருக்கும். ரப்பர் சீல் அது மேல ஏறினா கிழியும், அடுத்த வாரம் மாஸ்டர் சிலிண்டர் போச்சு. பெடலுக்கு அடியில ஒரு மரக்கட்டை வச்சுக்கோங்க. பெயின்ட்ல ஆயில் பட்டா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க.

அடுத்தது முன் பிரேக் பேட். முழு ரேஸ் பேட் வேண்டாம், சூடு ஏறாம பிடிக்காது. காலையில கேட்டைத் தாண்டி முதல் லாரிக்குப் பின்னாடியே தெரிஞ்சிடும். தெருவுக்கும் டிராக்குக்கும் பொதுவான காம்பவுண்ட் போதும். டிஸ்க்ல குறைஞ்சபட்ச தடிமன் அச்சடிச்சிருக்கும், அளந்து பாருங்க. ஓட்டை போட்ட டிஸ்க் ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கும். டிராக் சூட்டுல ஓட்டையில இருந்துதான் விரிசல் கிளம்பும். காலிப்பர் (பேட்டை டிஸ்க்ல அழுத்துறது) ஸ்லைடு பின்னைக் கழட்டித் துடைச்சு சிலிக்கான் பிரேக் கிரீஸ் போடுங்க. சாதா கிரீஸ் ரப்பரை ஊத வைக்கும், பின் இறுகும், பேட் ஒரு பக்கமா ஆப்பு மாதிரி தேயும்.

பின்னாடி டிரம் இருக்கட்டும். இந்த எடைக்கும் வேகத்துக்கும் அது போதும். ஆனா ஷூ அட்ஜஸ்ட்மென்ட் தளர்ந்திருந்தா பெடல் நீளமா போகும், அதை ஆயில் குத்தம்னு நினைச்சு நாலு தடவை ப்ளீட் பண்ணிட்டே இருப்போம்.

டிராக்ல பெடலே சொல்லும். கல்லு மாதிரி இருக்கு ஆனா வண்டி நிக்கலைன்னா பேட் சூடு தாண்டிடுச்சு. பஞ்சு மாதிரி உள்ள போகுதுன்னா ஆயில் கொதிச்சிடுச்சு. முதலாவதுக்கு ரெண்டு ரவுண்டு மெதுவா ஓட்டி ஆறவிட்டா சரியாகும். ரெண்டாவதுக்குப் பிட்டுக்கு (டிராக் ஓரமா வண்டி நிறுத்துற இடம்) வந்தே ஆகணும். ஆறின பிறகு பெடல் நல்லா இருக்கிற மாதிரி தெரிஞ்சாலும் மறுபடி ப்ளீட் பண்ணாம ஏறாதீங்க.

---

நெகடிவ்_கேம்பர்:

பிரேக் பற்றி மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. நான் டயரையும் சஸ்பென்ஷனையும் எடுத்துக்கொள்கிறேன்.

லோயரிங் ஸ்பிரிங்கை விட்டுவிடுங்கள், அதுவும் மணலி ரோட்டுக்கு. மேக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணாக இருக்கும் சஸ்பென்ஷன்) வண்டியை நிறையத் தாழ்த்தினால் கீழ் ஆர்ம் சக்கரப் பக்கம் மேல் நோக்கிச் சாய்ந்துவிடும். அப்போது ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடுவதால் வளைவில் வண்டியைச் சாய்க்கும் விசை குறையாமல் கூடுகிறது. அதோடு ஸ்ட்ரட்டின் பயண நீளம் குறைந்து பம்ப் ஸ்டாப்பில் (பயணத்தின் முடிவில் இருக்கும் தடுப்பு ரப்பர்) போய் இடிக்கும். இடித்த கணத்தில் அந்த முனை திடீரென இறுகி, முன்டயர் பிடி விடும்.

78,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் அந்தக் காசுக்கு நான்கு புதிய ஸ்டாக் ஷாக், கீழ் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஸ்ட்ரட் மவுன்ட் மாற்றுங்கள். தேய்ந்த புஷ்ஷோடு செய்யும் எந்த அலைன்மென்ட்டும் கணினித் திரையில் மட்டும்தான் சரியாக இருக்கும்.

பிறகு கேம்பர், அதாவது முன்னால் இருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு; மேல்முனை உள்ளே சாய்ந்தால் மைனஸ். இந்த வண்டியில் கம்பெனி கேம்பர் சரிசெய்ய வழி தரவில்லை. ஸ்ட்ரட்டும் நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சேரும் இரண்டு போல்ட்டில் மேல் போல்ட்டுக்குப் பதிலாக கேம்பர் போல்ட் போட்டால் பக்கத்துக்கு ஒரு டிகிரிக்கு மேல் கிடைக்கும். முன்னால் மைனஸ் 1.5 டிகிரி வரை வையுங்கள், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே, வெளியே திரும்பியிருக்கும் அளவு) சுழியம். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், அதனால் கேம்பர் முதலில், டோ கடைசியில். அலைன்மென்ட் கடையில் "பச்சையா வந்துடுச்சு சார்" என்று அனுப்பிவிடுவார்கள். எண்ணைக் கேட்டு வாங்குங்கள். போல்ட்டை டார்க் ரெஞ்சால் (முறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானர்) முறுக்கி, பெயின்ட் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் போல்ட் நழுவியிருக்கிறது.

டயர்: உங்கள் மாடலின் மேல் வேரியன்ட்டுக்குக் கம்பெனியே கொடுத்த 185/65 ஆர்15 அளவுக்கு, 15 இன்ச் ரிம்மோடு போங்கள். 165/80 ஆர்14 உயரம் ஏறக்குறைய 620 மிமீ, இது 621. ஸ்பீடோமீட்டர் மாறாது. 195/55 ஆர்15 போடச் சொல்பவர்கள் இருப்பார்கள். அது 595 மிமீ, நான்கு சதவீதம் சின்னது, பள்ளத்தில் ரிம் அடி வாங்கும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2224 என்றால் 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரம். ட்ரெட்வேர் எண் (கூடக்கூட டயர் மெதுவாகத் தேயும்) 300க்கு அருகில் இருந்தால் தெருவுக்கும் தாங்கும். ரிம் வாங்கும்போது அதன் நடு ஓட்டை ஹப்பைவிடப் பெரியதா என்று பாருங்கள்; பெரியதென்றால் ஹப் ரிங் இல்லாமல் 80க்கு மேல் ஸ்டீயரிங் ஆடும்.

காற்று: காலையில் குளிர்ந்த டயரில் 28 பிஎஸ்ஐ. ஒரு செஷன் முடிந்து வந்ததும், ஆறுவதற்குள் அளந்து 33–34க்குக் கொண்டு வாருங்கள். டயர் சூடு 10 டிகிரி ஏறினால் ஏறக்குறைய ஒன்றரை பிஎஸ்ஐ ஏறும். ஜனவரிக் காலையில் வைத்த அளவு மே மாத மதியத்துக்கு உதவாது. டயர் தோளில் சின்ன முக்கோணக் குறி இருக்கும், அதன் குறுக்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். கோடு முக்கோணத்தையும் தாண்டி அழிந்தால் காற்று குறைவு, பக்கச்சுவர் மடங்குகிறது. தொடவே இல்லை என்றால் காற்று அதிகம். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் கடிகாரச் சுற்று, 3.7 கிலோமீட்டர், வலது வளைவுகளே அதிகம். இடது முன்டயர்தான் முதலில் சாகும். முன்பக்கம் வளைவில் வெளியே தள்ளிக்கொண்டே போனால் பின் டயரில் 2 பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள், காசில்லாத வைத்தியம்.

---

பாலிசி_படிச்சவன்:

ஹார்னஸ் பத்தி யாரும் சொல்லல. ஸ்டாக் சீட்டுல 4 பாயிண்ட் ஹார்னஸ் போடாதீங்க ப்ரோ. கால் நடுவுல வர பட்டை இல்லாததால தோள் பட்டை இறுக்கும்போது இடுப்புப் பட்டை வயித்துக்கு ஏறிடும், மோதினா உடம்பு அடியில வழுக்கும். ரோல் கேஜ் இல்லாம இன்னொரு ஆபத்து: வண்டி கவிழ்ந்து கூரை நசுங்கினா சாதா பெல்ட்ல உடம்பு பக்கவாட்டுல சாயும், ஹார்னஸ் நிமிர்த்திப் பிடிச்சு வச்சிருக்கும். ரோல் கேஜ் போட்டு தெருவுல ஓட்டினா, ஹெல்மெட் இல்லாத தலைக்குப் பக்கத்துல இரும்புக் குழாய். கம்பெனி பெல்ட்டே போதும்: சீட்டை ஒரு இன்ச் பின்ன தள்ளி, பெல்ட்டை வெடுக்குனு இழுத்து லாக் பண்ணி, சீட்டை முன்ன கொண்டு வாங்க. இறுகி நிக்கும்.

ஹெல்மெட் முழு முகம். ஸ்நெல்ங்கிற ஹெல்மெட் பாதுகாப்புச் சான்றுல எஸ்ஏ கார் ரேஸுக்கானது, தீப்பிடிக்காத உள்துணி, எம் பைக்குக்கானது. எதை ஒத்துக்குவாங்கன்னு பதிவு பண்ணும்போதே கேட்டுடுங்க.

இன்சூரன்ஸ்: உங்க பாலிசி எடுத்து "பயன்பாட்டு வரம்பு" பகுதியைப் படிங்க. ரேஸ், வேகச் சோதனை, ரிலையபிலிட்டி ட்ரையல் எல்லாம் விலக்கு. சுவத்துல இடிச்சா செலவு உங்க பாக்கெட்தான். அந்தக் காசை 60,000க்கு வெளிய தனியா வச்சுட்டுப் போங்க. ஆர்சியில இருக்கிற விவரத்தை மாத்துற மாதிரி வேலை செஞ்சா மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு தடுக்கும். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதைத்தான் கறாரா சொல்லிச்சு. ஸ்டாக்குக்குப் பக்கத்துல இருக்கிறதே நல்லது.

---

ஒற்றியூர்_ஸ்விஃப்ட்:

சரி, ஃபில்டர், ரீமேப், ஸ்பிரிங், ஹார்னஸ் நாலும் அவுட். 😄 ரெண்டு சந்தேகம். முன் நிப்பிள் ரெண்டும் துருப்பிடிச்சு இறுகிக் கிடக்கு, எப்படி எடுக்கிறது? இன்ஜின் ஆயில், பெட்ரோல்ல எதாவது மாத்தணுமா?

---

எண்ணூர்_உப்புக்காத்து:

நம்ம பக்கம் நிப்பிள் இறுகலைன்னாதான் ஆச்சரியம். ரப்பர் மூடி கழண்டு போன நிப்பிள்ல உப்பு உள்ளயே இறங்கிடும். முந்தின ராத்திரியே துரு ஸ்ப்ரே அடிச்சு ஊற விடுங்க. காலையில கம்பியால மரையைச் சுத்தித் தேய்ச்சு, மறுபடி அடிச்சு, சின்ன சுத்தியலால நிப்பிள் பக்கத்துல காலிப்பர் மேல தட்டுங்க, நிப்பிள் மேல இல்ல. ஓபன் ஸ்பானர் போடாதீங்க, மூலை மழுங்கிடும். ஆறு மூலை சாக்கெட் மட்டும். முதல்ல இறுக்குற பக்கம் ஒரு நூல் அளவு, அப்புறம் திறக்கிற பக்கம். நகரலைன்னா நிறுத்திடுங்க. உடைஞ்சா காலிப்பரோட போகும். வெளிய வந்ததும் புது நிப்பிள், புது மூடி.

வண்டியைத் தூக்கின கையோட பிரேக் பைப்பையும் பாருங்க, முக்கியமா பின்னாடி ஆக்சில் பக்கம் கிளிப் பிடிக்கிற இடம். கிளிப்புக்கு அடியிலதான் உப்பும் சேறும் சேர்ந்து அரிக்கும், வெளிய தெரியாது. மழை வெள்ளத்துல நின்ன வண்டின்னா வீல் பேரிங்கையும் கையால சுத்திக் கேளுங்க. கரகரன்னா மாத்துங்க.

இன்ஜின் ஆயில்: மேனுவல் சொன்ன கிரேட்ல 5டபிள்யூ-30 முழு சிந்தெடிக். சம்ப்ல (இன்ஜின் அடியில ஆயில் தங்குற தொட்டி) மூணு லிட்டர் சொச்சம்தான் இருக்கு, நீள வளைவுல ஒரு பக்கமா ஒதுங்கினா பம்ப் காத்தை உறிஞ்சும். டிப்ஸ்டிக் மேல் கோட்டுல சரியா நிக்கட்டும், தாண்ட வேண்டாம். தாண்டினா கிராங்க் அடிச்சு நுரைக்கும். கூலன்ட்டும் தண்ணியும் பாதிக்குப் பாதி, ரேடியேட்டர் மூடி ரப்பர் புதுசு. ரேடியேட்டர் இதழ்ல அனல்மின் நிலையச் சாம்பலும் லாரித் தூசியும் அடைச்சிருக்கும். பின்பக்கமா இருந்து முன்பக்கமா மெதுவான தண்ணியில கழுவுங்க. பிரஷர் வாஷ் அடிச்சா இதழ் மடங்கிடும்.

பெட்ரோல்: இப்ப பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால். உங்க வண்டி அதுக்கு முந்தின காலத்து வண்டி, அதனால பெட்ரோல் ஹோஸ் கிளிப் கிட்ட வெடிப்பு, ஈரம் இருக்கான்னு விரலால தடவிப் பாருங்க. டேங்க் கால் பாகத்துக்குக் கீழ இறங்க விடாதீங்க, வளைவுல பம்ப்புக்கு எட்டாம இன்ஜின் தும்மும்.

சோழவரம் விமான ஓடுபாதையில ரேஸ் நடந்த காலமா இருந்தா நமக்குப் பக்கம். 1990ல இருங்காட்டுக்கோட்டை வந்ததோட நம்ம ஊரு ஆட்டம் முடிஞ்சது. இப்ப மீஞ்சூர் வெளிவட்டச் சாலையைப் பிடிச்சு நசரத்பேட்டையில இறங்கிப் போங்க.

---

மூலக்கடை_ஸ்பானர்:

ஒண்ணு விட்டுப்போச்சு. கடைசி ரவுண்டு பிரேக்கே தொடாம மெதுவா ஓட்டி வாங்க. பிட்ல நிறுத்தினதும் ஹேண்ட் பிரேக் போடாதீங்க, சூடான டிரம் ஆறி சுருங்கும்போது ஷூவைக் கவ்விக்கும். கியர்ல விட்டு, சக்கரத்துக்கு ரெண்டு செங்கல். கால் பிரேக்கையும் மிதிச்சுப் பிடிக்காதீங்க, பேட் டிஸ்க்ல அச்சு பதிச்சிடும், அப்புறம் ஸ்டீயரிங் ஆடுதுன்னு டிஸ்க்கைக் குத்தம் சொல்லுவீங்க.

வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி: டயர் ஆறினதும் காத்தை மறுபடி தெரு அளவுக்கு ஏத்துங்க, காலையில சூட்டுல இறக்கினது இப்ப 26க்குப் போயிருக்கும். வீல் நட் 16ஐயும் மேனுவல் அளவுக்கு டார்க் ரெஞ்ச்ல பாருங்க. பேட் தடிமனை ரிம் இடுக்கு வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. 3 மிமீக்குக் கீழன்னா மெதுவா வீட்டுக்குப் போய், மறுநாள் மாதவரத்துக்கு பஸ்ல போங்க.