டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ்: ஏழு விம்பிள்டன் பட்டத்தையும் முழுசாக எண்ணலாமா?

கேள்வி: வினாடிவினா வேலு

எல்லோருக்கும் வணக்கம். 2025 விம்பிள்டன் ஃபைனலில் ஸ்வியான்டெக் 6-0, 6-0 என்று முடித்தபோது, இதற்கு முன்னால் 1911-இல்தான் பெண்கள் ஃபைனலில் இப்படி நடந்தது என்றார்கள். அன்று ஜெயித்தவர் டொரோதியா லாம்பர்ட் சேம்பர்ஸ், தோற்றவர் டோரா பூத்பி. அடுத்த வினாடி வினாவில் இவரைப் பற்றி ஒரு கேள்வி வைக்கலாம் என்று தேடினால் தலை சுற்றுகிறது.

முதல் குழப்பம், விம்பிள்டன் சாம்பியன்கள் பட்டியலில் 1903, 1904, 1906-க்கு நேராக "மிஸ் டக்ளஸ்" என்று இருக்கிறது. அதுவும் இவரேதானா? இரண்டாவது, அந்தக் காலத்தில் போன வருட சாம்பியன் ஒரே ஒரு ஆட்டம் ஆடினால் போதுமாம். அப்படியென்றால் "ஏழு முறை சாம்பியன்" என்று நான் கேள்வித்தாளில் போட்டால் யாராவது எழுந்து சண்டைக்கு வருவார்களா?

பதில்: மரராக்கெட் மீனா

வேலு, டக்ளஸும் இவரேதான். லண்டன் ஈலிங்கில் ஒரு பாதிரியார் வீட்டுப் பெண், 1878-இல் பிறந்தவர். 1907-இல் ராபர்ட் லாம்பர்ட் சேம்பர்ஸைக் கல்யாணம் செய்துகொண்டார், அதிலிருந்து பட்டியலில் பெயர் மாறிவிட்டது. இன்னொரு இடத்திலும் இதே மாதிரி வழுக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 1903 ஃபைனலில் தோற்ற மிஸ் தாம்சனும் 1914-இல் தோற்ற மிஸஸ் லார்கோம்பும் ஒரே ஆள்.

சாம்பியன் உட்கார்ந்திருக்கும் முறைக்கு சேலஞ்ச் ரவுண்ட் என்று பெயர். மற்ற எல்லோரும் முதல் சுற்றிலிருந்து அடித்துப் பிடித்து மேலே வரவேண்டும். கடைசியில் மிஞ்சியவர் பழைய சாம்பியனோடு மோதுவார். 1922-இல்தான் இதை ஒழித்தார்கள். எனக்கும் உங்களுக்கு வந்த சந்தேகம் ஒருமுறை வந்து, ஒரு ராத்திரி நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து எண்ணினேன்.

முதல் சுற்றிலிருந்து ஆடிப் பட்டம் வாங்கியது 1903, 1906, 1910, 1913. ஆக நான்கு பட்டத்தில் யாரும் கை வைக்க முடியாது. இதில் 1903-இலும் 1913-இலும் பழைய சாம்பியன் வரவே இல்லை, சேலஞ்ச் ரவுண்ட் வாக் ஓவர். ஒரே ஆட்டத்தில் கிடைத்தது 1904, 1911, 1914, மூன்று. அந்த 6-0, 6-0-வும் இந்த மூன்றில் ஒன்றுதான்.

இதோடு நிறுத்திவிட்டால் அந்த அம்மாவுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம். ஏனென்றால் அவர் சாம்பியனாக உட்கார்ந்து காத்திருந்தது மூன்று வருடம் இல்லை, ஆறு வருடம். 1905-இலும் 1907-இலும் மே சட்டன் வந்து பட்டத்தைப் பறித்துக்கொண்டு அமெரிக்கா போனார். 1919-இல் பிரான்சின் லெங்லன். ஆறில் மூன்று ஜெயம், மூன்று தோல்வி. சும்மா உட்கார்ந்து வாங்கினார் என்பவர்கள் இந்தத் தோல்விகளைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

நான் வார இறுதியில் டபுள்ஸ் ஆடுகிறவள். காலையில் முதல் மேட்ச் ஆடிவிட்டு வந்தவர்களோடு, அப்போதுதான் ஷூ லேஸ் கட்டிய நாங்கள் இறங்கினால் முதல் நான்கு கேம் எங்கே போயிற்று என்றே தெரியாது. இவருக்கு அது விம்பிள்டனில், ஆறு முறை.

1919-ஐக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். போரால் நான்கு வருடம் போட்டியே இல்லை. 1914-இல் ஜெயித்ததால் இன்னமும் இவர்தான் சாம்பியன். வயது 40, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். எதிரே 20 வயது சுசான் லெங்லன், பல சுற்று ஆடிச் சூடேறி வந்திருக்கிறார். இடம் வொர்பிள் ரோடு பழைய மைதானம், பார்க்க ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும். இவர் கணுக்கால் வரை பாவாடை, மணிக்கட்டு வரை கைவைத்த சட்டை. அந்தப் பெண் அரைக்கை, கெண்டைக்கால் அளவு உடை. களைத்தபோது அப்பா வீசிய குப்பியிலிருந்து பிராந்தி குடித்துக்கொண்டு ஆடினாள். (இன்று நடந்தால் என்ன ஆகும்!)

முதல் செட் 10-8 லெங்லன். இரண்டாவது 6-4 இவர். மூன்றாவதில் 4-1 என்று பின்தங்கி, அங்கிருந்து ஏறி 6-5, 40-15. இரண்டு மேட்ச் பாயிண்ட், ஒன்றை எடுத்தாலே பட்டம். லெங்லன் எட்டிப் பிடித்த பந்து ராக்கெட்டின் நரம்பில்கூடப் படவில்லை, மரச்சட்டத்தில் பட்டு, நெட் விளிம்பை உரசி இந்தப் பக்கம் விழுந்தது. என்னிடம் ஒரு பழைய மர ராக்கெட் இருக்கிறது. சட்டத்தில் பந்து பட்டால் 'டொக்' என்று ஒரு சத்தம், முழங்கை வரை விறுவிறு என்று ஏறும். பந்து எங்கே போகும் என்று அடித்தவருக்கே தெரியாது. அப்படி ஒரு பந்தில் எட்டாவது பட்டம் போனது. 9-7-இல் முடிந்தது, மொத்தம் 44 கேம்.

பதில்: பேஸ்லைன் பாபு

அக்கா, கணக்கு சரிதான். ஆனால் அந்த மூன்று தோல்விக்கும் முறையைக் குறை சொல்லாதீர்கள். எதிரே வந்தது மே சட்டனும் லெங்லனும். முதல் சுற்றிலிருந்து ஆடியிருந்தாலும் அடி வாங்கியிருப்பார். இவர் வாங்கிய 1908 ஒலிம்பிக் தங்கத்தையும் பெரிதாகப் பேசுகிறார்கள். அந்த சிங்கிள்ஸில் பலர் விலகிவிட்டு, ஆடியது ஐந்தே பேர், எல்லோரும் பிரிட்டன்காரர்கள்.

பதில்: மரராக்கெட் மீனா

ஒலிம்பிக் விஷயம் ஒப்புக்கொள்கிறேன், அதை நான் எடுக்காததற்கும் அதுதான் காரணம். ஆனால் மே சட்டனை 1906-இல் 6-3, 9-7 என்று வீழ்த்தியதும் இவர்தானே தம்பி? அந்த வருடம் உட்கார்ந்திருந்தது சட்டன், ஆடி வந்தது இவர்!

லெங்லன் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1920-இல் 41 வயதில் முதல் சுற்றிலிருந்து ஆடி, மோல்லா மல்லரி, எலிசபெத் ரயன் இருவரையும் தாண்டி வந்து, 6-3, 6-0 என்று தோற்றார். அதற்குச் சாக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பதில்: வினாடிவினா வேலு

நன்றி மீனா அக்கா, பாபு. ஏழு என்றே போடுகிறேன். பிரிட்டன் பெண்களில் இன்றுவரை அதிகம் இவருக்குத்தான் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். இன்னும் கடினமாக ஒரு கேள்வி கிடைக்குமா? எங்கள் கூட்டத்தில் எல்லாவற்றையும் முன்கூட்டியே படித்துவிட்டு வரும் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பதில்: மரராக்கெட் மீனா

இதைக் கேளுங்கள்: "1907 விம்பிள்டன் ஃபைனலில் மோதிய இருவர், 1925-இல் எந்தப் போட்டியில் மறுபடி எதிரெதிரே நின்றார்கள்?"

விடை வைட்மன் கோப்பை, அதாவது பிரிட்டன், அமெரிக்கா பெண்கள் அணிகள் மோதிய போட்டி. இடம் நியூயார்க்கின் ஃபாரஸ்ட் ஹில்ஸ், ஆட்டம் டபுள்ஸ். மே சட்டன் அப்போது மிஸஸ் பண்டி, ஜோடி மல்லரி. நம்மவருக்கு வயது 46, ஜோடி ஹார்வி. நம்மவர் ஜெயித்தார், பிரிட்டன் 4-3 என்று கோப்பையை வாங்கியது. உங்கள் இருவரும் பெயர் மாற்றத்திலேயே விழுவார்கள், பாருங்கள்.