மடக்குக்கத்தி வகைகளுக்கான சொற்கள்: பூட்டா, கொண்டியா?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மடக்குக்கத்திகளை ஒப்பிடும் கட்டுரைக்காக முன்வைக்கப்பட்ட சொற்பட்டியலைப் படித்தேன். அலகு, முனை, முதுகு, வாய் (அலகின் வெட்டும் விளிம்பு), பிடி ஆகியவை நம்மிடையே ஏற்கெனவே புழங்கும் சொற்கள்; அவற்றில் கைவைக்கத் தேவையில்லை. என் மறுப்பு இரண்டைப் பற்றியது: விரித்த அலகை நிறுத்திப் பிடிக்கும் அமைப்புக்கு இடப்பட்டுள்ள ‘பூட்டு’, கனமான சில கத்திகளுக்கு இடப்பட்டுள்ள ‘தற்காப்புக் கத்தி’.

பூட்டு என்றதும் சாவி நினைவுக்கு வரும். இக்கத்திகளில் சாவிக்கு வேலையே இல்லை. அலகை முழுதும் விரித்தவுடன் ஒரு தகடோ நெம்பியோ தானாக வந்து அலகின் அடியில் சிக்கிக்கொள்கிறது. மடக்கும்போது அதை விரலால் அழுத்தியோ தள்ளியோ விலக்குகிறோம். கதவில் விழுந்து மாட்டும் கொண்டியின் வேலை இதுதான். ‘தாழ்’ என்பதும் பொருளளவில் பொருந்தும். ஆனால் கூட்டுச்சொல்லின் முன்னே நிற்கும்போது ‘தாழ்ந்த’ என்ற பொருள் குறுக்கிடும். ஆகவே ‘கொண்டிக்கத்தி’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

கொண்டி இல்லாத வகைக்குப் பட்டியலில் பெயரே இல்லை. இதைப் பெருங்குறையாகக் கருதுகிறேன். அவ்வகையில் பிடியின் முதுகோரமாக ஓர் எஃகு வில்தகடு ஓடுகிறது. அலகடியில் சீவப்பட்ட தட்டையான பக்கத்தில் அத்தகடு அழுந்தி நிற்பதால்தான் அலகு விரிந்த நிலையில் தங்குகிறது. மெதுவாக மடக்கிப் பார்த்தால், அலகடியின் மூலை வில்லை மேலே தூக்குவதையும், பாதி வழியைக் கடந்ததும் வில் இறங்கி அலகை ‘டக்’கென்று உள்ளே இழுத்துக்கொள்வதையும் விரலால் உணரலாம். எதுவும் சிக்கிப் பிடிப்பதில்லை; போதிய விசை கொடுத்தால் அலகு மடங்கிவிடும். ‘சுவிஸ் ராணுவக் கத்தி’ என்று பரவலாக அறியப்படும், 1897-இல் உருவான சுவிஸ் அதிகாரிக் கத்தியின் அலகுகள் இம்முறையில்தான் நிற்கின்றன. இதற்கு ‘வில்மடக்குக் கத்தி’ என்ற பெயர் அமைப்பை அப்படியே சொல்லிவிடும். பேனாக்கத்தி என்பது வழக்கில் உள்ள நல்ல சொல். ஆயினும் அது சிறிய கத்தி என்பதைத் தாண்டி வேறு எதையும் உணர்த்துவதில்லை.

இந்த வேறுபாடு சட்டத்திலும் எடுபடுகிறது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 1988-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, வாயின் நீளம் 3 அங்குலத்துக்கு மிகாத மடக்குக்கத்தியைப் பொது இடத்தில் காரணம் காட்டாமலே வைத்திருக்கலாம். ஆனால் அலகைப் பிடித்து நிறுத்தும் கொண்டி இருந்தால், எவ்வளவு சிறியதானாலும் அந்த விலக்கு கிடையாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கும் கட்டுரை, அதை நம்பி வாங்குபவரைச் சிக்கலில் மாட்டிவிடும்.

கொண்டியின் உட்பிரிவுகளை அது அமைந்திருக்கும் இடத்தை வைத்தே பெயரிடலாம். 1964-இல் வந்த பக் 110 என்ற அமெரிக்க மடக்குக்கத்தி வழியாகப் பரவலானது ‘முதுகுக்கொண்டி’: பிடியின் முதுகில் உள்ள நெம்பியின் பல், அலகடியின் வெட்டில் இறங்கி உட்காருகிறது. பிடியின் உட்பக்கத் தகடே வில்லாகத் திமிறி வந்து அலகடிக்குப் பின்னால் முட்டுக்கொடுப்பது ‘பக்கத்தகட்டுக்கொண்டி’. 1980-களில் அமெரிக்கக் கத்திக் கைவினைஞர் மைக்கேல் வாக்கர் இதைச் செம்மைப்படுத்திய பிறகே இது பெருவழக்காயிற்று. இவ்வகையை மடக்கும்போது கட்டைவிரல் அலகு வரும் பாதையிலேயே இருக்கும் என்பதைக் கட்டுரையில் எச்சரிக்கையாகச் சேர்க்க வேண்டும். மரப்பிடி கொண்ட பிரெஞ்சு மடக்குக்கத்தியான ஒப்பினெலில் 1955 முதல் உள்ள சுழல்வளையத்தைக் கையால் திருப்ப வேண்டியிருப்பதால், அதை ‘வளையத்தாழ்’ என்பதே சரி. இங்கே தாழ் சொல்லின் பின்னே நிற்பதால் பொருள் மயக்கமும் இல்லை.

இனித் ‘தற்காப்புக் கத்தி’. இச்சொல்லை முற்றாக நீக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மற்றச் சொற்கள் எல்லாம் கத்தி எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்ல, இது மட்டும் விற்பவரின் வாக்குறுதியைச் சொல்கிறது. அந்த வாக்குறுதியும் மெய்யன்று. பதற்றத்தில் கை நடுங்கும்போது, பையிலிருந்து எடுத்து, விரித்து, கொண்டி விழுந்ததா என்று உறுதிசெய்வதற்குள் எதிரி நெருங்கிவிடுவான். பெரும்பாலான மடக்குக்கத்திகளில் கைக்காப்பு இல்லை. முனை கடினமான எதிலாவது முட்டினால் பிடித்த கையே வழுக்கி வாயின் மேல் ஏறும். பக்கவாட்டு முறுக்கில் விலகிவிடும் கொண்டிகளும் உண்டு. விலகி ஓடவும் உரக்கக் கத்தவும் வாய்ப்பிருக்கும் ஒருவரைக் கைகலப்புத் தொலைவுக்கு இழுத்துச் செல்லும் கருவிக்குக் காப்பு என்ற பெயரை நாம் சூட்டலாகாது. ‘சூரிக்கத்தி’ என்ற மாற்றும் வேண்டாம். குத்துக்கொலைச் செய்திகளோடு ஒட்டிப்போன சொல் அது. தடித்த அலகு, சொரசொரப்பான பிடி என்று கண்ணால் காணும் கூறுகளைச் சொன்னாலே அக்கத்திகளை ஒப்பிட முடியும். கயிறு அறுக்கவும், அட்டைப்பெட்டி பிரிக்கவும், பழம் நறுக்கவும் மெல்லிய அலகே நன்றாக வெட்டும் என்பதும் அப்போது படிப்பவருக்குத் தானாக விளங்கும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் முடிவாகவில்லை. உட்தகட்டுக்குப் பதிலாகப் பிடியின் ஒரு பக்கமே கொண்டியாக வளையும் வகையைச் ‘சட்டக்கொண்டி’ என்பதா, ‘பிடிக்கொண்டி’ என்பதா? பின்னதில் ‘பிடித்துக்கொண்டு’ என்ற ஒலி மயக்கம் இருப்பதால் முன்னதன் பக்கம் சாய்கிறேன். இக்கத்திகளைக் கையாண்டு பழகியவர்கள் கருத்துச் சொன்னால் பட்டியலை முடித்துவிடலாம்.