திருவிழாவுக்கு முன்பே முற்றும் பகையைத் தணிப்பது எப்படி?

கரிசல்காட்டான்:
வணக்கம். எங்கள் ஊர் அம்மன் கொடைக்கு இன்னும் சில வாரங்களே உள்ளன. சப்பரம் எந்தத் தெரு வழியாக வர வேண்டும் என்ற பழைய பிரச்சினையில், இரு தெரு இளைஞர்களும் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் ஒருவரையொருவர் சீண்டி வந்தார்கள். நேற்று ஒரு தரப்பின் பிளக்ஸ் பேனர் கிழிக்கப்பட்டது. கைகலப்பாவதற்குள் ஊரார் என்ன செய்யலாம்?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர்:
ஐயா, இப்போதே வட்டாட்சியரிடம் மனு கொடுத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்தக் கேளுங்கள். நாள் நெருங்கி, பந்தலுக்கும் மேளத்துக்கும் முன்பணம் கொடுத்துவிட்டால், இரு தரப்பிலும் விட்டுக்கொடுக்க ஆள் இருக்காது. 'சுமுகமாக நடத்திக்கொள்கிறோம்' என்று பொதுவாக எழுதிக் கையெழுத்திடுவதில் பயனில்லை. சப்பரம் எத்தனை மணிக்குப் புறப்படும், எந்த முக்கில் திரும்பும், அங்கே நின்று மேளம் அடிக்கலாமா, ஒலிபெருக்கி எப்போது நிற்கும் என்பது வரை எழுத வேண்டும். பெரும்பாலும் அந்த முக்கில் சப்பரம் நிற்கும் சில நிமிடங்களில்தான் சண்டை மூள்கிறது. பேச்சு முறிந்தால், முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 107, 144 என்று அறியப்பட்டு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 126, 163 ஆகிவிட்ட பிரிவுகளின்கீழ், அமைதி காப்பதாக எழுதிக்கொடுக்கும் பிணைப்பத்திரமும் தடையுத்தரவும் வரும். கொடையே நின்றுபோகவும் கூடும்.

வேப்பமரத்தடி:
ஸ்டேட்டஸ் போடும் பையனை அவன் நண்பர்கள் முன்னால் கண்டிக்காதீர்கள், அங்கே அவன் இறங்கி வர மாட்டான். அவனுடைய தாய்மாமனோ கபடிக் குழுவின் மூத்தவரோ தனியே அழைத்துப் போய், அவன் சொல்வதை முழுவதும் கேட்ட பிறகே பேச வேண்டும். வாக்குவாதம் நடக்கும் இடத்தில், செல்போனில் படம் பிடிப்பவர்களை முதலில் விலக்குங்கள். படம் ஓடும்வரை யாரும் பின்வாங்குவதில்லை.

செம்மண்:
எனக்கு ஒரு கவலை உண்டு. அமைதி என்ற பெயரில் எண்ணிக்கையில் குறைந்த தெருவையே ஒதுங்கச் சொல்வது பல ஊர்களில் வழக்கமாகிவிட்டது. விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியலின மக்களின் ஆலய நுழைவு குறித்த பேச்சுவார்த்தைகள் பலனளிக்காமல், 2023 ஜூனில் திரௌபதி அம்மன் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். வழிபடுவது அவர்களின் உரிமை, பேரம் பேசும் பொருள் அன்று. உங்கள் ஊர்ப் பிரச்சினையிலும் சாதி இருக்குமானால், அதை மனுவிலேயே வெளிப்படையாக எழுதுங்கள்.

கரிசல்காட்டான்:
இருக்கிறது, எழுதுகிறோம். இதே பிரச்சினைக்காக முன்பு நடந்த பேச்சுவார்த்தைக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு நகல் கிடைக்குமா?

ஓய்வுபெற்ற வருவாய்த்துறைக்காரர்:
தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள் வரை ஆகலாம். மனு கொடுக்கும்போதே பழைய கோப்பையும் கூட்டத்துக்கு எடுத்துவரும்படி வட்டாட்சியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.