லைஃப் பியர்: தமிழில் எப்படி வழங்கலாம்?

குழுவினருக்கு வணக்கம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த கன்சர்வேட்டிவ் தலைவரும் பிரிட்டனின் முன்னாள் பிரதமருமான அலெக் டக்ளஸ் ஹோம் பற்றிய கட்டுரை ஒன்றைத் தமிழில் எழுதி வருகிறேன். அதில் வரும் ‘லைஃப் பியர்’ (வாரிசுக்குப் போகாமல் தம் ஆயுளோடு முடியும் பிரபுப் பட்டம் பெற்றவர்) என்பதற்கு இப்போதைக்கு ‘வாழ்நாள் மேலவை உறுப்பினர்’ என்றும், 1963இல் அவர் வழிவழியாக வந்த தம் ‘ஏர்ல்’ என்ற பிரபுப் பட்டத்தை விட்டதற்குப் ‘பட்ட நீக்கம்’ என்றும் போட்டிருக்கிறேன். பொருந்துமா என்று பெரியவர்கள் சொல்ல வேண்டும்.

*

அம்மா, வணக்கம்.

‘மேலவை உறுப்பினர்’ என்றால் பட்டமும் இருக்கையும் ஒன்றாகிவிடும். 1999ஆம் ஆண்டுச் சட்டம், வழிவழியாகப் பட்டம் பெற்றவர்களுள் 92 பேருக்கு மட்டுமே பிரிட்டன் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையில் இடம் விட்டுவைத்தது. ஏனையோர் பட்டத்தோடு இருந்தார்கள், இருக்கைதான் போயிற்று. 2014ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு லைஃப் பியர்களும் சபையிலிருந்து ஓய்வு பெறலாம். அப்போதும் ‘லார்ட்’ என்ற அடைமொழி அவர்களை விட்டுப் போவதில்லை. ஆகவே நம் சொல் பட்டத்தையே குறிக்க வேண்டும். ‘ஆயுள் பிரபு’ என்பதும் எனக்கு உவப்பாக இல்லை. ஆயுள் தண்டனைக்கும் ஆயுள் காப்பீட்டுக்கும் பழகிப்போன காதுக்கு அது அரசியார் அளித்த சிறப்பாகவே ஒலிக்காது.

‘வாழ்நாள் பிரபு’ என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. வழிவழிப் பட்டம் உடையவரும் வாழ்நாள் முழுவதும் பிரபுதான். வேறுபாடு அவர் இறந்த பிறகுதான் தெரியும். இதற்கு நீங்கள் எழுதும் மனிதரின் வாழ்க்கையைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. 1931இல் லனார்க் தொகுதியிலிருந்து மக்களவைக்கு வந்தபோது அவர் ‘லார்ட் டங்லாஸ்’ என்று அழைக்கப்பட்டாலும், அது ஏர்லின் மூத்த மகன் என்ற முறையில் வழங்கிய மரியாதைப் பெயர் மட்டுமே என்பதால், தேர்தலில் நிற்க அது தடையாக இருக்கவில்லை. 1951இல் தந்தை இறந்ததும், அவர் விரும்பினாரா இல்லையா என்று யாரும் கேளாமலே, 14ஆம் ஏர்ல் ஆனார். மக்களவை இடம் பறிபோயிற்று. பிரபுக்கள் சபையில் இருந்துகொண்டே 1960இல் வெளியுறவு அமைச்சரும் ஆனார்.

1963 அக்டோபரில் பிரதமர் மக்மில்லன் உடல்நலக் குறைவால் விலகியபோது, பிரதமர் மக்களவையில் இருக்க வேண்டும் என்ற வழக்கம் ஊன்றிப்போயிருந்தது. நல்லவேளையாக, எதிர்க்கட்சியான லேபர் கட்சியின் டோனி பென், தந்தை வழி வந்த தம் பட்டத்திலிருந்து விடுபடப் போராடியதன் பயனாக, அவ்வாண்டு ஜூலையில்தான் அதற்கான சட்டம் நிறைவேறியிருந்தது. அக்டோபர் 19 அன்று பிரதமரான ஹோம், 23 அன்று பட்டத்தை விட்டார். நவம்பர் தொடக்கத்தில் கின்ராஸ் – மேற்குப் பெர்த்ஷயர் இடைத்தேர்தலில் வெல்லும்வரை, ஏறத்தாழ இரண்டு வாரம், இரு அவைகளில் எதிலும் இடமில்லாத பிரதமராக நாட்டை நடத்தினார். (பதினான்காம் ஏர்ல் என்று லேபர் கட்சித் தலைவர் ஹரால்ட் வில்சன் இடித்துரைக்க, யோசித்துப் பார்த்தால் அவரும் பதினான்காம் வில்சன்தானே என்று இவர் திருப்பியது அரசியல் பேச்சில் நிலைத்துவிட்டது.)

இனிதான் கலைச்சொல்லுக்கு வேண்டிய பகுதி. 1974 இறுதியில் அவர் லைஃப் பியர் ஆகி மீண்டும் பிரபுக்கள் சபைக்குப் போனார். 1995இல் இறந்தபோது அந்தப் புதிய பட்டம் அவரோடு முடிந்தது. அவர் விட்ட ஏர்ல் பட்டமோ மகனுக்குப் போய், மகன் 15ஆம் ஏர்ல் ஆனார். விட்டது தொடர்ந்தது, ஏற்றது முடிந்தது. எனவே ‘நீக்கம்’ தவறு. பட்டம் எங்கும் நீங்கிவிடவில்லை, அதை உடையவர் தம்மளவில் துறந்தார். 1918இல் சென்னை சர் சுப்பிரமணிய ஐயரும் அடுத்த ஆண்டு தாகூரும் பட்டத்தைத் துறந்தார்கள் என்றுதான் நாம் எழுதுகிறோம். ‘பட்டத் துறப்பு’ அந்த வழக்கிலேயே அமையும்.

பிரபு வகைக்கு ‘ஒருதலைமுறைப் பிரபு’ என்பதுதான் பொருளால் துல்லியமானது. ஆனால் செய்தித் தலைப்பில் யாரும் அதை எழுத மாட்டார்கள். ‘வழிவழிப் பிரபு’ என்பதோடு இணையாக நிறுத்தினால் ‘வாழ்நாள் பிரபு’ என்பதன் குறை தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. ‘பெருமகன்’ வேண்டாம்; 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த லைஃப் பியர் முறைதான் அச்சபைக்குள் பெண்களை முதன்முதலில் உட்கார வைத்தது. ஸ்காட்லாந்துக் கன்சர்வேட்டிவ் தலைமையில் இருந்த அனபெல் கோல்டியையும் ரூத் டேவிட்சனையும் அச்சொல்லில் எப்படி அடக்குவது?

*

ஐயா, விளக்கத்துக்கு நன்றி. மூன்று சொற்களையும் ஏற்கிறேன். அவருடைய 1974ஆம் ஆண்டுப் பட்டமான ‘Baron’ என்பதை ஆங்கில ஒலிப்பை ஒட்டிப் ‘பேரன்’ என்று எழுதியிருந்தேன். படித்த என் மகள், யாருடைய பேரன் என்று கேட்டாள். ‘பாரன்’ என்று மாற்றிவிட்டேன். அவர் குடும்பப் பெயரை ‘ஹியூம்’ என்றே ஒலிக்க வேண்டுமாமே, அப்படியே எழுதலாமா?

*

ஒலிப்பு அதுதான். தத்துவ அறிஞர் டேவிட் ஹியூமும் ‘ஹோம்’ ஆகப் பிறந்து, ஆங்கிலேயர் வாயில் பெயர் கெடுவதைப் பொறுக்காமல் எழுத்தை மாற்றிக்கொண்டவரே. ஆனால் தமிழில் ‘ஹியூம்’ என்றால் காங்கிரஸை நிறுவியவர்தான் முதலில் நினைவுக்கு வருவார். ‘டக்ளஸ் ஹியூம்’ என்று முழுமையாக எழுதி, முதல் இடத்தில் மட்டும் எழுத்துவடிவத்தைச் சுட்டிவிடுங்கள்.