கீபோட் தானாப் பழகிறது: விரல் ஓடுது, காது ஓடுதில்ல

தம்பிலுவில் பொடியன்:
எல்லாருக்கும் வணக்கம். மாமா கட்டாருக்குப் போகக்குள்ள விட்டுட்டுப் போன பழைய கேசியோ கீபோட் ஒண்டு வீட்ட கிடக்கு. நான் வேலை முடிஞ்சு வர இரவாயிரும், கிளாசுக்குப் போக ஒரு நேரமும் சரிவராது, அதால தானாப் பழகுவம் எண்டு யூடியூப்பப் பாத்துத் தொடங்கினன். அதில காட்டுற கட்டைய அப்படியே அமத்தி ஒரு பாட்டு வடிவா வாசிச்சிருவன், பக்கத்து வீட்டுப் பிள்ளையளும் வந்து நிண்டு கேக்கும். ஆனா அடுத்த பாட்டெண்டா மறுகா முதல்ல இருந்து தான், வீடியோ இல்லாட்டி ஒண்டும் ஓடாது. எனக்கு உள்ளுக்க கிடக்கிற ஆசை என்னெண்டா எங்கட கண்ணகி அம்மன் கோயில்ல பாடுற குளிர்த்திய வாசிக்கணும், அதுக்கு யூடியூப்ல எவன் பாடம் போட்டு வைச்சிருக்கான்? நோட்ஸ் வாசிக்கவும் தெரியா. தானாத் தேடிப் பழகின ஆக்கள் யாரும் இருந்தா எங்க இருந்து தொடங்கிறது எண்டு சொல்லுங்க.

கல்லடிப்பாலம்:
தம்பி அந்த வீடியோவ கொஞ்ச நாளைக்கு மூடி வை. வெள்ளைக் கட்டையையும் மறந்திரு, கறுப்பில மட்டும் விளையாடு. போன்ல தம்புரா அப் ஒண்ட இறக்கி சுருதிய நாலரைக் கட்டையில விடு (இந்தக் கட்டை சுருதிக்குச் சொல்லுற நம்பர், C ஒரு கட்டை, D ரெண்டு, இடையில நிக்கிற கறுப்பு ஒண்டரை). கீபோட்ல மூண்டு கறுப்பு சேந்து நிக்குமே, அதில இடப்பக்கத்து முதலாவது தான் உனக்கு ச, மற்றச் சுரத்துக்கெல்லாம் அடி. அதில இருந்து கறுப்பாலயே மேல ஏறு, ச ரி க ப த, மோகன ராகம் வந்திரும். எதத் தொட்டாலும் வெளிய போகாது, அதால பயமில்லாமத் தேடலாம்.

மறுகா தான் விசயமே. சுருதிய அஞ்சரைக்கு மாத்திட்டு அடுத்த கறுப்ப ச எண்டு வை, அதே அஞ்சு கட்டை தான், இப்ப கேக்கிறது மத்தியமாவதி. ஆறரையில மூண்டாவது கறுப்ப வைச்சா இந்தோளம். ரெண்டு கறுப்பு நிக்கிற இடத்தில முதலாவது ஒண்டரைக் கட்டை, அதில சுத்த சாவேரி, பக்கத்தது ரெண்டரை, அதில சுத்த தன்யாசி. ஒரு கட்டை கூட்டவும் இல்ல குறைக்கவும் இல்ல, ச எங்க இருக்கெண்டு மாத்தினதோட அழுகிற மாதிரியும் சிரிக்கிற மாதிரியும் ஆகுது. இது பிடிபட்ட அண்டைக்கு எனக்கு நித்திரையே வரல்ல, அம்மா கரண்ட் பில்லச் சொல்லி ஏசினது தான் மிச்சம்.

நீ இப்ப மனப்பாடம் பண்ணுறது கட்டைய. காதுக்குத் தெரிய வேண்டியது ச எங்க எண்டு. எந்தப் பாட்டக் கேட்டாலும் அது கடைசில எங்க வந்து இருக்குது எண்டு பாத்து அத முனகு, முனகினத கீபோட்ல தேடு. அது கிடைச்சா மற்றச் சுரமெல்லாம் அதில இருந்து எவ்வளவு தூரம் எண்டு தான் பாக்கணும்.

பாட்டு ரீச்சர்:
கல்லடிப்பாலம் சொன்னது நல்ல விளையாட்டு, பிள்ளைகளுக்கு நானும் சொல்லிக் குடுக்கிறனான். ஆனா மகன், அதில வாறது மோகனத்தின்ட சுரம், மோகனம் இல்ல. கீபோட்ல ஒரு கட்டை ஒரே இடத்தில தான் நிக்கும், ஒரு சுரத்தில இருந்து அடுத்ததுக்கு வளைஞ்சு போற கமகம் அதில இல்ல. தோடி ராகத்தில வாற காந்தாரத்த (க) அதில எப்படிக் காட்டுவீங்க? சில கீபோட்ல வளைக்கிறதுக்கு ஒரு சில்லு இருக்கு, அதையும் அளவா ஆட்டக் காது பழகி இருக்கணும்.

அதால வாயத் திறந்து பாடுங்க. கட்டைய அமத்த முதல் அந்தச் சுரத்தப் பாடணும், பாடிட்டு அமத்திப் பாக்கணும் சரியா எண்டு. அமத்திட்டுப் பாடினா அது கிளிப்பிள்ளை வேலை. வீட்டாக்கள் சிரிச்சாச் சிரிக்கட்டும்.

இன்னொண்டு, தானாப் பழகிற ஆக்கள் நிறையப் பேர் ரெண்டு விரலாலயே ஓடுவாங்க, பிறகு அத மாத்த ஒண்ணா. ஒண்டாம் கட்டையில (C) ச வைச்சு வெள்ளையில வலக்கையால ஏறக்குள்ள பெருவிரல், சுட்டு, நடுவிரல் போட்டுட்டு நாலாவது சுரத்துக்குப் பெருவிரல நடுவிரலுக்குக் கீழால கொண்டு வாங்க. இந்த ஒரு பழக்கம் இப்பவே வந்திரணும்.

காரைதீவான்:
கல்லடிப்பாலம் அண்ணே, நீங்க கறுப்பில செய்யிறத வெள்ளையிலயும் செய்யலாம், ஏழு சுரத்தோட. அஞ்சாம் கட்டையில தொடங்கினா அரிகாம்போதி, ஆறில நடபைரவி, ஒண்டில சங்கராபரணம், ரெண்டில கரகரப்பிரியா, மூண்டில தோடி (ரீச்சர் குறை நினைக்கக் கூடாது, சுரம் மட்டும் தான்), நாலில கல்யாணி. ஏழாம் கட்டையில வைச்சா பஞ்சமம் (ப) கிடைக்காது, இடறும்.

இது புதுசு ஒண்டும் இல்ல. சிலப்பதிகார அரங்கேற்று காதை உரையில வாற பாலைத் திரிபு இது தான், பாலை எண்டா அந்தக் காலத்து ஏழு சுர வரிசை. செம்பாலைய அரிகாம்போதி எண்டு சொல்லுவாங்க, அதில துத்தத்த (ரி) குரலாக்கினா, அதாவது ச ஆக்கினா, படுமலைப்பாலை, அதாவது நடபைரவி. உழை (ம) குரலானா அரும்பாலை, சங்கராபரணம். இதையெல்லாம் கணக்குப் போட்டு யாழ் நூல் எழுதினது எங்கட ஊர்ல 1892ல பிறந்த விபுலானந்த அடிகள், விஞ்ஞானம் படிச்ச மனிசன். 1947 யூன்ல திருக்கொள்ளம்பூதூர்ல நூல் அரங்கேறிச்சு, அடுத்த மாசமே சுவாமி போயிட்டார். சிலை வைச்சு மாலை போடுறம், அவர் சொன்னத ஒரு கீபோட்ல அமத்திப் பாத்த ஆக்கள் எத்தின பேர் எண்டு தெரியல்ல. சரி, அது வேற கதை.

வந்தாறுமூலை மத்தளம்:
எல்லாரும் சுரத்தப் பத்தியே கதைக்கிறீங்க, தாளம் எங்க? கூத்துக்குச் சட்டம் (ஆடுற ஆக்களுக்கு அவரவர் பங்கு) குடுக்கக்குள்ள கூத்துப் பழக்கிற அண்ணாவியார் தாளக்கட்ட முதல்ல வாயால தான் சொல்லுவார், அது வாயில ஏறி மறுகா தான் காலுக்கு வரும். மத்தளமும் அப்படித்தான், கூத்தாடுற களரிக்குப் பக்கத்தில குந்தி இருந்து தொடையில தட்டித் தட்டித் தான் எங்களுக்குக் கை வந்தது. ஒருத்தனும் புத்தகம் திறக்கல்ல.

தம்பி நீ குளிர்த்தி வாசிக்கப் போறாய் எண்டா முதல்ல உடுக்குக்குக் கையத் தட்டிக்கொண்டு பாட்ட முழுசாப் பாடிப் பழகு. கீபோட்டுக்குள்ள கிடக்கிற ரிதம் பட்டன மட்டும் அமத்திப் போடாத, அம்மன் ஓடிருவா.

தம்பிலுவில் பொடியன்:
எல்லாருக்கும் நன்றி, ரீச்சருக்கும் நன்றி. கறுப்பில மோகனமும் மத்தியமாவதியும் பிடிபட்டிட்டு, இந்தோளம் சொல்லி வேலை இல்ல. வைகாசிச் சடங்கில போன்ல பிடிச்ச ரெக்கோடிங் ஒண்டு இருக்கு, அதப் போட்டு ச தேடினன். பாட்டு மேல கீழ பெரிசா ஓடாம நாலஞ்சு கட்டைக்குள்ளயே சுத்துது போல கிடக்கு, ஆனா ச ஒரு கட்டையிலயும் இருக்குதில்ல. ஒண்டரையில வைச்சா ஆள் மேல நிக்கிறார், ரெண்டில வைச்சா கீழ நிக்கிறார். என்ட காது தான் பிழையா?

கல்லடிப்பாலம்:
காது நல்லாத் தான் வேலை செய்யுது, அது கேட்டதே பெரிய விசயம். கோயில்ல பாடுற ஆள் கீபோட்டப் பாத்தா சுருதி எடுக்கிறார், தன்ட தொண்டைக்கு எது சுகமோ அதில தொடங்குவார், அது ரெண்டு கட்டைக்கு நடுவிலயும் விழும். உன்ட கீபோட்ல ஃபங்ஷன் பட்டன அமத்தி ட்யூனிங் எண்டு வாற வரைக்கும் போ, 440 எண்டு ஒரு நம்பர் காட்டும். ஒண்டரைக் கட்டையில ச வைச்சுக்கொண்டு அந்த நம்பர மெல்ல மெல்லக் கூட்டு, அவர்ட குரலும் கட்டையும் சேந்து அதிர்வு நிக்கிற இடத்தில விடு. டிரான்ஸ்போஸ் பட்டனத் தொடாத, அது அரைக் கட்டை அரைக் கட்டையாத் தான் பாயும்.

வாசிச்சு முடிய 440க்குத் திருப்பி விடு, இல்லாட்டி தம்புரா அப்போட சேராது.