வெள்ளவத்தை வீட்டுச் சுவர் அலுமாரி: பாஸிடம் கொடுப்பதா, நிறுவனத்திடம் கொடுப்பதா?

கடலோர வீட்டுக்காரி
கொழும்பு வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கத் தொடர்மாடி ஒன்றின் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். படுக்கையறையின் சுவர் அலுமாரிக்கு 18 வயதாகிறது. அடித்தட்டு ஊதிவிட்டது. பிணைச்சல்கள் துருப்பிடித்து ஒரு கதவு கழன்று விழுந்துவிட்டது. போன மழைக்காலத்தில் அம்மாவின் கூறைச்சேலையில் பூஞ்சணம் படிந்ததைக் கண்ட அன்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

சுவர் 9 அடி நீளம், எட்டரை அடி உயரம். ஒரு நிறுவனம் எம்.டி.எப். பலகையில், வழுக்குக் கதவு வைத்து, மொத்தத் தொகை ஒன்று சொல்லியிருக்கிறது. தச்சுக்குப் பேர்போன மொறட்டுவையிலிருந்து வந்து பார்த்த தச்சு பாஸ் (தச்சர்) நாட்கூலி கேட்கிறார். பலகையும் சாமான்களும் நான் வாங்கிக் கொடுக்க வேண்டும். யாரிடம் கொடுப்பது?

தெஹிவளை அண்ணன்
நிறுவனத்திடமே கொடுங்கள் தங்கச்சி. என் வீட்டில் நாட்கூலிக்கு வைத்த பாஸ் பத்து நாள் வேலை என்றார். ஆறு வாரம் இழுத்தது. சித்திரைப் புத்தாண்டுக்கு ஊருக்குப் போனவர் திரும்பவே இல்லை. கதவில்லாத அலுமாரிக்குப் பழைய சேலையைத் திரையாகக் கட்டி இரண்டு மாதம் வாழ்ந்தோம். வேலை நீண்டால் கூலியும் நீளும் என்றால் அதை முடிக்க யாருக்கு அவசரம் வரும்? நிறுவனம் என்றால் ஒப்பந்தம் இருக்கிறது, உத்தரவாதம் இருக்கிறது, போய்க் கேட்க ஒரு கதவாவது இருக்கிறது.

மரக்காலைப் பேரன்
ஒரு பாஸ் ஏமாற்றினார் என்பதற்காக மொறட்டுவையையே ஒதுக்காதீர்கள் அண்ணா. நிறுவனம் அனுப்புகிற ஆளும் பல வேளை அதே ஊர்ப் பட்டறையிலிருந்துதான் வருகிறார். இடையில் ஒரு காட்சியறைக்கு வாடகை கட்டுகிறோம், அவ்வளவுதான்.

எனக்கு ஆள் இரண்டாவது கவலை, பலகைதான் முதல் கவலை. எம்.டி.எப். என்பது மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்தது. மேற்பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருந்தாலும், வெட்டிய ஓரத்தில் ஈரம் ஏறினால் ரொட்டி மாதிரி ஊதும். ஊதினால் திரும்ப வடியாது. அக்காவின் அடித்தட்டுக்கு நடந்தது அதுதான். உத்தரவாதத் தாளை வாங்கி, நீரால் வரும் சேதம் அதில் அடங்குமா என்று பாருங்கள். கடலோரத்துக்கு நீர்தாங்கும் பசையில் ஒட்டிய 18 மில்லிமீற்றர் பிளைவுட் வேண்டும். பிணைச்சலை, இரும்புச் சாமான் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவில் நீங்களே பார்த்து வாங்குங்கள்: 304 தரத் துருவேறா உருக்கு. அதில் மட்டும் காசு பார்க்காதீர்கள்.

அளவுநாடா
உள்ளக வரைபட வேலையில் இருக்கிறேன். ஆளைப் பற்றியும் பலகையைப் பற்றியும் பேசுகிறீர்கள், ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லையே! அக்கா, அந்தச் சுவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கடலோர வீட்டுக்காரி
குளியலறை.

அளவுநாடா
அப்படியானால் இப்போது யாருக்கும் முற்பணம் கொடுக்க வேண்டாம். சுவரில் இரண்டடிச் சதுரப் பொலித்தீன் தாள் ஒன்றை, நான்கு ஓரமும் இறுக ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் வியர்த்தால் அது அறைக்காற்றின் ஈரப்பதம். உட்பக்கம் நனைந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. குளியலறையின் நீர்த்தடுப்பையும் குழாயையும் பார்க்காமல் தேக்கில் செய்தாலும் பூஞ்சணம் வரும்.

இனி அளவு. பிளைவுட் தாள் 8 அடிக்கு 4 அடி. கீழே 4 அங்குல அடிப்பீடம், அதன்மேல் 8 அடிப் பெட்டி என்றால் கூரையடியில் 2 அங்குலம் மிஞ்சும். அதை அடைக்காமல் காற்றுக்கு விடுங்கள். பின்பக்கமும் சுவரோடு ஒட்டக் கூடாது. மாட்டுகிற பகுதிக்கு 24 அங்குல ஆழம் வேண்டும். மடித்து வைக்கும் தட்டுகளுக்கு அந்த ஆழம் கேடு; சேலை இரண்டு வரிசையாகி, பின்வரிசை மறந்தே போகும். அங்கே 16 அங்குலம் போதும். வழுக்குக் கதவு தண்டவாளத்துக்கே 3, 4 அங்குலம் தின்னும், ஒரு நேரத்தில் பாதி அலுமாரிதான் திறக்கும், கீழ்த்தண்டவாளத்தில் உப்பும் தூசியும் சேரும். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே இடம் இருந்தால், காற்றுத் துளையிட்ட, பிணைச்சலில் திறக்கும் கதவே நல்லது.

கூறைச்சேலையைப் பொலித்தீன் பையில் அடைக்காதீர்கள். பழைய பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள். ஒரே மடிப்பில் கிடந்தால் சரிகை அந்தக் கோட்டில் முறியும்.

தெஹிவளை அண்ணன்
சுவர் விடயத்தில் அளவுநாடாத் தங்கச்சி சொல்வது முழுக்கச் சரி, எனக்கு அது தோன்றவில்லை. ஆனால் சுவர் காய்ந்த பிறகும் யாரோ ஒருவரை நம்பித்தானே ஆக வேண்டும்? பற்றுச்சீட்டுத் தருகிறவரைத்தான் நான் நம்புவேன். பிணக்கு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்தை அழைக்கலாம். கையில் ஒரு துண்டுத் தாளும் இல்லாமல் எதைக் காட்டுவது?

மரக்காலைப் பேரன்
அந்தப் பற்றுச்சீட்டில் 18 வீத வற் வரி சேர்த்த தொகையா, சேர்க்காததா என்பதையும் கேளுங்கள். சொன்ன தொகைக்கும் கட்டிய தொகைக்கும் நடுவே பலர் விழுவது அங்கேதான்.

நாட்கூலி வேண்டாம் என்பதில் அண்ணாவோடு உடன்படுகிறேன். பாஸிடமும் மொத்த வேலைக்கு விலை பேசலாம். எத்தனை தாள், எத்தனை லாச்சி, எந்தப் பிணைச்சல், எந்த நாளில் முடிவு என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். பெட்டி நின்றதும் ஒரு பங்கு, கதவு பொருத்தியதும் ஒரு பங்கு, கடைசிப் பங்கு எல்லா லாச்சியையும் இழுத்துப் பார்த்த பிறகு. அவர் முன்பு செய்த வீடு ஒன்றை நேரில் போய்ப் பாருங்கள், அதுவும் ஐந்து ஆண்டுக்கு முன் செய்த வீட்டை. தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழ் வைத்திருக்கும் தச்சர்களும் இருக்கிறார்கள், கேட்பதில் தவறில்லை.

தெஹிவளை அண்ணன்
எழுதிக் கையொப்பமிடும் பாஸ் கிடைத்தால் நானே மூன்று மணித்தியாலம் பஸ்ஸில் நின்று போய் அழைத்து வருவேன் தம்பி. எனக்கு இன்னும் அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

கடலோர வீட்டுக்காரி
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். பொலித்தீனின் உட்பக்கம் துளித்துளியாக நனைந்திருக்கிறது, வெளிப்பக்கம் காய்ந்திருக்கிறது. குளியலறைக் குழாயைப் பார்க்க நாளை ஆள் வருகிறார். நிறுவனத்துக்கும் பாஸுக்கும் ஒரு மாதம் பொறுக்கச் சொல்லிவிட்டேன். நிறுவனம் இந்த வாரம் முற்பணம் கட்டினால்தான் இதே விலை என்றது. பாஸ், சுவர் காய்ந்ததும் அழையுங்கள், வந்து மறுபடி அளக்கிறேன் என்றார். எழுதிக் கொடுப்பீர்களா என்றேன். நீங்கள் எழுதுங்கள், நான் வாசித்துப் பார்த்துக் கையொப்பமிடுகிறேன் என்றார்.

அம்மாவின் சேலைகள் இப்போது கொட்டாஞ்சேனையில் பெரியம்மா வீட்டில், பருத்தித் துணிக்குள் இருக்கின்றன.